கொண்டையராஜுவும் பாப் ஓவியமும்

அமெரிக்க நாட்டில் 1960-ஆம் ஆண்டையொட்டி வளர்ந்த பாப் ஓவியம், அயல்நாட்டு வணிக வாழ்வின் விளைவு என்றும், அதற்கும் தமிழ் மண்ணுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. தொடர்பு இல்லை என்பது உண்மையே. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. ஆயினும் ஒரே வினா இரு நாடுகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்தது என்பதை யாம் மறுத்தற்கில்லை. பல்லாயிரம் படிகளாக அச்சிடப்பட்டு, கடைத்தெருவில் வழங்கி, எவர் வீட்டுச் சுவரிலும் தொங்கும் ஓர் உருவம் கலையாகுமா என்பதே அவ்வினா. அமெரிக்காவில் அதற்கு ஆண்டி வார்கோல் ஒரு விடை கூறினார். கோவில்பட்டியில் இருந்த சி. கொண்டையராஜு, வினா எழுந்தது என்பதையே அறியாதவராய், வேறொரு விடையை வரைந்து காட்டினார். அவ்விரண்டாம் விடையை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். ‘பாப்’ என்பது ‘பாப்புலர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். இங்கிலாந்தில் லாரன்சு ஆலவே முதலிய திறனாய்வாளர் 1950-களில் இதனை வழக்கிற்குக் கொண்டுவந்தனர். இதனை ‘மக்கட்கலை’ எனத் தமிழாக்கின் நாட்டுப்புறக் கலையோடு மயங்கும். ‘வெகுசனக் கலை’ என்பது பத்திரிகை வழக்கு. மக்கள் தாமே படைப்பது வேறு, மக்களுக்கென வணிகர் படைப்பது வேறு, அவ்வணிகப் படைப்பை எடுத்தாண்டு ஓவியர் படைப்பது வேறு. பாப் ஓவியம் மூன்றாம் வகையைச் சார்ந்தது. கொண்டையராஜுவின் ஓவியம் இரண்டாம் வகையினது. இவ்வேறுபாட்டை மறவாமல் இருப்பின், ஒப்பீடு எல்லை கடவாது.

கொண்டையராஜு 1898-இல் சென்னையில் பிறந்தார். சென்னைக் கலைப்பள்ளியில் முறைப்படி ஓவியம் பயின்றார். ஒளி நிழல் காட்டும் மேனாட்டு முறையும், உடலமைப்பை அளந்து வரையும் பயிற்சியும் அவருக்கு அங்கே வாய்த்தன. பின்னர்த் திருவண்ணாமலையில் இரமணர் ஆசிரமத்தில் சில காலம் தங்கி, அவர் உருவத்தையும் வரைந்தார். அதன் பின்னர் நாடகக் குழுக்களில் திரைச்சீலை எழுதும் தொழிலை மேற்கொண்டார். 1942-இல் அவர் இருந்த குழு கோவில்பட்டியில் கலைந்தது. குழுவினர் பலர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். அவரோ அவ்வூரிலேயே தங்கிவிட்டார். உடன் திரை எழுதிய தி. சு. சுப்பையாவும் அவரும் சேர்ந்து தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்னும் பெயரில் ஒரு நிழற்படக் கூடத்தை அமைத்தனர். 1976-இல் மறையும் வரை கொண்டையராஜுவின் வாழ்வு கரிசல் நிலத்து அவ்வூரிலேயே கழிந்தது.

வரலாறு இவ்வளவே. எனினும் நாடகத் திரை என்பதைத் தமிழ் மாணவர் எளிதிற் கடந்து செல்லலாகாது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் கூறப்பெறுவதை யாவரும் அறிவர். அரங்கின் மேல் ஓவியம் எழுதிய விதானமும் அங்கே பேசப்பெறுகிறது. திரை எழுதுதல் நம் மரபில் அரங்கக் கலையின் உறுப்பு. சங்கரதாசு சுவாமிகள் காலத்தில் அது புத்துயிர் பெற்றது. அப்பெரியார் 1922-இல் நம் அண்டையிலுள்ள புதுச்சேரியில் மறைந்தார் என்பதும் நினைக்கத் தக்கது. அவருக்குப் பின் நவாப் இராசமாணிக்கம் போன்றோர் நடத்திய நாடகங்களில் காட்சியமைப்பின் சிறப்பைக் காணவே கூட்டம் திரண்டது. கயிலையும் பாற்கடலும் அயோத்தி மண்டபமும் சீலையில் எழுந்தன. தொலைவிலிருப்பவனுக்கும் தெளிவாகத் தெரிய வேண்டுமாதலின் நிறம் அழுத்தமாகவும், உருவம் நேர் நோக்கியும், பின்னணி ஆழமாகவும் அமைந்தன. கொண்டையராஜுவின் அச்சுப்படங்களில் தெய்வத்தின் பின்னே தோன்றும் மலையும் பொய்கையும் தூண் நிரையும் இந்நாடகத் திரையின் எச்சங்களே என்பது எம் கருத்து. தெய்வம் அரங்கில் வந்து நிற்கும் பாத்திரம். இயற்கை அதற்குப் பின்னே தொங்கும் சீலை.

இவ்விடத்தில் அமெரிக்க ஓவியர் ஒருவரின் வாழ்வு ஒப்புநோக்குதற்கு உரியது. சேம்சு ரோசன்குவிசுட்டு (1933–2017) வடக்கு டகோட்டா மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க் நகரின் பெருந்தெருக்களில் சாரத்தின் மேல் நின்று விளம்பரப் பலகைகளை எழுதிப் பிழைத்தவர். ஒரு முகத்தைப் பல அடி உயரத்திற்கு எழுதுபவனுக்கு, எழுதுங்கால் அது முகமாகத் தோன்றுவதில்லை, நிறப்பரப்பாகவே தோன்றும். அப்பட்டறிவையே அவர் பின்னர்த் தம் ஓவியத்தின் உயிராக்கினார். 1964–65-இல் அவர் எழுதிய ‘எஃப்-111’ என்னும் ஓவியம் 86 அடி நீளமுடையது. போர் விமானம் ஒன்றின் உடல் நெடுகிலும் ஊர்தி உருளையும், சேவைக்கலவை உணவும், தலைமயிர் உலர்த்தும் கருவியின்கீழ் அமர்ந்த சிறுமியும் குறுக்கிட்டுத் தோன்றுவர். வியத்நாம் போர் நடந்த காலம் அது. இன்று அவ்வோவியம் நியூயார்க் நவீனக்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. விளம்பரம் எழுதியவன் விளம்பரத்தின் மொழியாலேயே தன் நாட்டை வினவினான்.

கொண்டையராஜு எதனையும் வினவவில்லை. பேரளவில் எழுதிப் பழகிய கை, முழம் நீளமுள்ள அட்டைக்குச் சுருங்கியது என்பதே அவர் வாழ்வில் நேர்ந்த மாற்றம். கோவில்பட்டிக்கு அணித்தாகச் சிவகாசி இருந்தமை அதற்குக் காரணமாயிற்று. தீப்பெட்டிச் சுற்றுத்தாள் அச்சிடத் தோன்றிய அச்சுத்தொழில் அங்கே பெருகி நாட்காட்டி அச்சிடும் தொழிலாயிற்று. 1950-களில் சிவகாசி அச்சகங்கள் தெய்வப்படம் எழுதுவோரைத் தேடின. கலைப்பள்ளிப் பயிற்சியும் நாடகக் கையும் நிழற்படக் கண்ணும் ஒருங்கே பெற்ற ஒருவர் அருகிலேயே இருந்தார்.

இத்தொழில் நடக்கும் முறையை அறியாதார் இவ்வோவியத்தைப் பற்றி எழுதுவது, ஏடு கண்டறியாதார் பாடவேறுபாடு பேசுவதனோடு ஒக்கும். ஓவியர் அட்டையில் வண்ணத்தால் எழுதிய மூலத்தை அச்சகத்தார் விலைக்குக் கொள்வர். அதன்பின் அதனை எத்தனை முறை அச்சிடினும், எவ்வாறு மாற்றினும் உரிமை அவர்க்கே. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில் புதிய படங்கள் அடங்கிய மாதிரித் தொகுதிகள் வெளியாகும். காவிரிக் கரையினர் புதுப்புனலை வழிபடும் அந்நாளில் சிவகாசியில் அடுத்த ஆண்டே தொடங்கிவிடுகிறது. முகவர் அத்தொகுதிகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் செல்வர். துணிக்கடையினரும் நகைக்கடையினரும் நெல்மண்டியினரும் ஒரு படத்தைத் தேர்ந்து கொள்வர். அதன்கீழ் அவர்தம் கடையின் பெயரும் இடமும் அச்சாகும். அடியில் தேதித்தாள்கட்டு தைக்கப்பெறும். இவ்வாறு ஒரே முருகன் திருநெல்வேலியில் இரும்புக்கடைக்கும் காரைக்காலில் மளிகைக்கடைக்கும் உரியவனாவான். பொருளைப் புகழும் சொல் ஒன்றும் அதில் இராது. விலை கொடுத்து வாங்குவாரும் அரியர். கடைக்காரர் தம் வாடிக்கையாளர்க்கு ஆண்டுத் தொடக்கத்தில் வழங்கும் கொடையே அது.

இந்நிலையை அமெரிக்க நிலையோடு வைத்து நோக்குக. வார்கோல் 1928-இல் பிட்சுபர்க்கில் பிறந்தவர். விளம்பரச் சித்திரக்காரராய் நியூயார்க்கில் பொருளும் புகழும் ஈட்டியவர். 1962-இல் லாசு ஏஞ்சல்சு நகரில் சூப்புத் தகரக்குவளைகளை 32 சீலைகளில் எழுதிக் காட்சிக்கு வைத்தார். கடையில் அடுக்கியிருந்த பொருள் கலைக்கூடத்தின் சுவரில் ஏறிற்று. பின்னர்ப் பட்டுத்திரை அச்சு முறையால் திரைப்பட நடிகையரின் முகங்களைத் திரும்பத் திரும்பப் பதித்தார். வாங்கி, உண்டு, எறியப்படும் பொருள்களின் உலகையே அவர் ஓவியமாக்கினார். பாப் கலையின் இயல்புகளுள் நிலையாமையும் ஒன்றென இங்கிலாந்து ஓவியர் ரிச்சர்டு ஆமில்டன் 1957-இலேயே வகுத்திருந்தார்.

தமிழ்நாட்டில் நேர்ந்தது இதன் தலைகீழ். ஆண்டு முடிந்ததும் தேதித்தாள் எறியப்படும். படம் எறியப்படுவதில்லை. கடைப்பெயரைக் கத்தரித்து நீக்கி, கண்ணாடிச் சட்டமிட்டு, பூசையறையில் மாட்டிப் பொட்டிட்டு வழிபடுவர். விளம்பரமாய் வந்தது திருவுருவாய் நிற்கிறது. அங்கே பண்டம் கலைக்கூடம் புகுந்தது. இங்கே பண்டத்தின் விளம்பரம் கோயில் புகுந்தது. கனடா நாட்டு ஆய்வாளர் இசுடீபன் இங்கிலிசு 1995-இல் கொண்டையராஜுவைப் பற்றி எழுதிய கட்டுரைக்குச் ‘சட்டமிடத் தக்கது’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். எத்துணைப் பொருத்தமான தலைப்பு! தமிழ் ஓவியர் ஒருவரை முதன்மை ஆய்வுப்பொருளாகக் கொண்ட அக்கட்டுரை தமிழ்த்துறைகளில் பரவலாகப் படிக்கப்படாதது எமக்கு வருத்தமே. கசுரி செயின் 2007-இல் வெளியிட்ட நூல் இந்திய நாட்காட்டிக் கலையின் வணிக அமைப்பை விரித்துரைக்கிறது. அதிற் சிவகாசிக்குப் பேரிடம் உண்டு.

வார்கோலின் பெற்றோர் இன்றைய சுலோவாக்கியாவிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து குடியேறியவர். கீழைச்சடங்கு முறையைப் பின்பற்றும் கத்தோலிக்கர். பொன்னிறப் பின்னணியில் நேர்நோக்கி நிற்கும் திருத்தொண்டர் உருவங்கள் நிரையாக அமைந்த கோயிற் சுவரைப் பார்த்தே அவர் சிறுவனாக வளர்ந்தார். 1962-இல் மரிலின் மன்றோவின் முகத்தைப் பொன்னிறச் சீலையின் நடுவே தனியே பதித்த அவருடைய ஓவியத்தை இதனோடு இயைத்துக் காண்பார் உளர். ஆதலின் வழிபாட்டு உருவத்தின் நிழல் பாப் ஓவியத்திலும் இல்லாமற் போகவில்லை. வேறுபாடு யாதெனின், அவர் ஓவியத்தின் முன் நிற்பவன் கைகூப்புவதில்லை.

இனி, படைத்தவர் யார் என்னும் சிக்கல். வார்கோல் தம் பணிக்கூடத்தைத் ‘தொழிற்சாலை’ என்று அழைத்தார். உதவியாளர் பலர் அச்சிட்டனர்; பெயர் ஒருவருடையது. இதனைப் புதுமை என்று மேனாட்டார் வியந்தனர். கோவில்பட்டிக் கூடத்தில் கொண்டையராஜு தெய்வ உருவத்தையும், சுப்பையா பின்னணியையும் எழுதிய படங்கள் உண்டு. அவற்றில் இருவர் பெயரும் காணப்படும். மு. இராமலிங்கம், தி. சு. அருணாசலம் முதலிய மாணாக்கர் ஆசிரியரின் வடிவங்களைப் பின்பற்றித் தம் பெயரால் எழுதினர். ஒருவர் படம் மற்றொருவர் படத்திலிருந்து எளிதிற் பிரித்தறிய இயலாதவாறு ஒரு பொதுநடை உருவாயிற்று. தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. ஔவையார் எத்துணையர் என்றும், ஒரு பெயரின்கீழ் வழங்கும் நூல்களுள் அவர் செய்தன எவை என்றும் ஆராய்ந்து பழகியவர் நாம். நடையால் ஆசிரியரைத் துணியும் முறையை அச்சுப்படத்திற்கும் செலுத்தலாம். ஆனால் அச்சகத்துக் கலைஞர் தகடு செய்யுங்கால் நிறத்தையும் முகத்தையும் திருத்துவது உண்டாதலின், ஏடெழுதினோர் பிழையையும் உடன் கருதுதல் வேண்டும்.

இரவிவர்மா (1848–1906) 1894-இல் மும்பையில் அச்சகம் நிறுவித் தெய்வப்படங்களைப் பரப்பினார் என்பது பலரறிந்த செய்தி. கொண்டையராஜு அவர் வழியினர் என்று கூறி அமைவார் உளர். முழுமையும் அவ்வாறு கொள்ளுதற்கில்லை. இரவிவர்மாவின் பாத்திரங்கள் கதையின் ஒரு கணத்தில் அகப்பட்டு நிற்பர். தமயந்தி அன்னத்தையே நோக்குவாள், நம்மை நோக்காள். கொண்டையராஜுவின் தெய்வமோ கதையை விட்டு விலகி நம்மையே நோக்கும். அடி முதல் முடி வரை ஒவ்வோர் உறுப்பும் அணியும் தனித்தனியே விளங்க நிற்கும். பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் சிற்றிலக்கிய வகைகளைக் கற்றார்க்கு இவ்வமைப்பின் இயல்பு உடனே புலப்படும். கண் அடியிலிருந்து முடிக்கு ஏறுதற்கென வகுத்த வழி அது. மேனாட்டு ஒளிநிழல் முறை, சொல்லாற் செய்துவந்த வண்ணனைக்குச் சதைப்பற்றை அளித்தது எனலாம்.

மிகப் பரவிய ‘மீனாட்சி கல்யாணம்’ படத்தை எடுத்துக்கொள்வோம். மதுரைக் கம்பத்தடி மண்டபத்துச் சிற்பத்தை நினைவூட்டும் அமைப்பு உடையது அது. திருமால் தாரைவார்க்க, நாணி நிற்கும் பிராட்டியின் கையை இறைவன் பற்றுகிறான். திருவிளையாடற் புராணத்தின் வழக்கே இது. சித்திரைத் திருவிழாவை ஒட்டி மக்களிடை வழங்கும் கதையிலோ அழகர் திருமணத்திற்குக் காலந்தாழ்ந்து வந்து, சினந்து திரும்பிவிடுகிறார். வாய்மொழிக் கதையைப் போற்றும் மக்களே, அதற்கு மாறான இப்படத்தையும் தம் வீட்டிற் போற்றினர். கடைத்தெருப் படம் யாவும் பாமரர் மரபின் பக்கமே நிற்கும் என்று எதிர்பார்ப்பது பிழை. மங்கலம் எங்கே நிறைகிறதோ அங்கே அது நிற்கும். திருமணத்திற்கு உற்றார் வாராத காட்சியை எந்த வணிகர் தம் வாடிக்கையாளர்க்குப் புத்தாண்டில் வழங்குவார்?

படத்தைக் கண்டு அதன் கதையை ஒருவர்க்கொருவர் வினவியும் விளக்கியும் மகிழும் வழக்கம் நமக்குப் பழையது. பரிபாடலின் 19-ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தில் இரதியும் காமனும் யார் என்றும், பூனையான இந்திரனும் கல்லான அகலிகையும் எவர் என்றும் காண்போர் உரையாடுவதைக் கூறுகிறது. அந்த ஓவியத்துள் சினமும் சாபமும் இடம்பெற்றன. நாட்காட்டிப் படத்தில் அவை ஒதுக்கப்பட்டன. பெற்றதோடு இழந்ததையும் எண்ணுதல் வேண்டும்.

பரோடாவில் வாழ்ந்த பூபேன் கக்கர் (1934–2003) இவ்விழப்பை உணர்ந்தவர். கணக்காய்வாளராய்ப் பணிபுரிந்துகொண்டே ஓவியரானவர். 1960-களில் கடைத்தெருத் தெய்வப் படங்களை வெட்டி ஒட்டி ஓவியங்கள் செய்தார். பின்னர்க் கடிகாரம் பழுதுபார்ப்பவர், முடிதிருத்துபவர் முதலிய எளியோரை, நாட்காட்டிப் படத்தின் பளிச்சிடும் நிறத்திலேயே நிறுத்தி எழுதினார். இந்தியாவில் பாப் ஓவியர் எனத் தகும் ஒருவரைக் கூறவேண்டின் அவரையே கூறலாம். சிவகாசி படைத்த மொழியில் சிவகாசி சொல்லாததைச் சொன்னவர் அவர்.

காரைக்காலில் இருந்து எழுதும் எமக்கு இச்செய்தி வேறொரு வகையாலும் நெருங்கியது. ஆனிப் பௌர்ணமியில் பிச்சாண்டவர் வீதியுலா வருங்கால் வீடுகளின் மேலிருந்து மக்கள் மாங்கனிகளை இறைக்கும் திருவிழா இவ்வூரது. யாம் இங்குள்ள கடைகளிலும் வீடுகளிலும் கண்டவரை, அம்மையாரின் அச்சுப்படங்களில் மாங்கனி ஏந்திய புனிதவதியே மிகுதி. கொண்டையராஜுவின் கூடம் நிலைநாட்டிய வடிவமே அம்முகத்திலும் விளங்குகிறது. வட்ட முகம், நிறைந்த கன்னம், நெற்றிச் சுட்டி, ஈரம் பொதிந்த கண். சேக்கிழார் 66 பாடல்களில் அம்மையாரின் வரலாற்றைக் கூறுகிறார். அவ்வரலாற்றின் நடுவண், கணவனுக்கெனத் தாங்கிய தசைப்பொதியை உதறிப் பேய்வடிவை வேண்டிப் பெறும் செயல் நிற்கிறது. தம்மைக் காரைக்காற் பேய் என்றே அம்மையார் தம் பாடல்களிற் குறித்துக்கொண்டார். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் அடியருகே எலும்பும் தோலுமாய் அமர்ந்திருப்பவர் அவரே. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 13-ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனியில் வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் தாளம் ஏந்திய கைகளும், அவற்றோடு ஒட்டாததுபோல் ஒரு புன்னகையும் உண்டு.

சோழர் காலத்துக் கம்மியனால் ஆக்க முடிந்த உருவத்தை நாட்காட்டி ஓவியன் ஏன் ஆக்கவில்லை? திறன் இல்லாமை அன்று. கொண்டையராஜுவும் அவர் மாணாக்கரும் உடற்கூறு அறிந்தவர். எலும்பை எழுதுவது அவர்க்கு எளிது. ஆனால் திருமேனி வழிபடுவோனுக்காக ஆக்கப்பட்டது. படமோ முதலில் கடைக்காரரின் கண்ணைக் கடந்து வருதல் வேண்டும். மாதிரித் தொகுதியைப் புரட்டும் அவர் கை, பேயுருவில் நிற்பதில்லை. அம்மையாரின் கணவன் பரமதத்தனும் வணிகனே. மனைவியின் தெய்வத்தன்மையைக் கண்டதும் அஞ்சி, கலமேறிச் சென்று, பாண்டிநாட்டில் வேறு மணம்புரிந்து, பிறந்த மகளுக்கு அவர் பெயரையே சூட்டி, குடும்பத்தோடு வந்து அடியில் வீழ்ந்தான். அவன் வழிபட்டதும் பேயுருவை அன்று. அது வேண்டப்பட்டதே அவன் வணங்கி எழுந்த பின்னர்த்தான்.